ஈரக் கழிவு

கட்டபெட்டு முக்கில்
லாரியின் பின்கதவைச் சாய்த்துத்
தராசைத் தொங்கவிடும்போது மணி மூன்றரை.
மூடுபனி அதற்குள் ரோட்டைப் பாதி தின்றிருந்தது.

தராசு ஒன்று, கைக்கருவி ஒன்று, நடுவில் கம்பி இல்லை.
போன வருடம் வரை இருந்தது.
மழை குடித்து, துருவேறி,
நாலைந்து கிலோவை அவ்வப்போது விழுங்கும்.
அதைப் பிடுங்கிவிட்டு முதலாளி
தராசின் முதுகில் புளூடூத் வில்லை ஒன்றை ஒட்டினார்.
கட்டைவிரல் நகத்தளவு.

நான் படித்தது எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ.
போடுவது இலை எடை.
வரிசையில் நிற்கும் யாராவது
ஒரு நாள் கேட்கமாட்டார்களா என்றிருந்தேன்.
பெள்ளி கேட்டாள்:
"தராசு பேசறது ஒன் மிஷினுக்கு
எப்படித் தம்பி காது கேக்குது?"

அலைதான் அக்கா, என்றேன்.
அரைச் சாண் நீளம்.
நொடிக்கு இருநூற்று நாற்பது கோடித் தடவை
ஏறி இறங்கும்.
ஒரே தடத்தில் போகாது.
எழுபத்தொன்பது தடம் வைத்துக்கொண்டு
நொடிக்கு ஆயிரத்து அறுநூறு முறை தாவும்.
அடுத்த தாவல் எங்கே என்பது
இதற்கும் தெரியும், அதற்கும் தெரியும்.

"காட்டுமாடு நிக்குதுன்னு
பாத்தி மாத்தி மாத்திப் போறோமே,
அந்த மாதிரி."

அந்த மாதிரி இல்லை என்று வாய்வரை வந்தது.
யோசித்தால்,
அந்த மாதிரிதான்.

பிறகு ஐப்பசி மழை.
இருபதடி தள்ளி எதிரே இன்னொரு ஃபேக்டரி லாரி.
ரெஜினால்டின் தராசும்
என் தராசும் ஒரே கோயமுத்தூர்க் கடை.
ஒரே வில்லை, ஒரே பெயர்,
ஒரே ரகசிய எண்: ஒன்று இரண்டு மூன்று நான்கு.
அவன் மாற்றவில்லை.
டிப்ளமோ படித்த நானும்.

பெள்ளியின் மூட்டை இன்னும் அவள் தலையில்தான்.
என் கொக்கியில் மழை மட்டும் தொங்கியது.
கருவி சொன்னது: முப்பத்தொன்று புள்ளி நான்கு.
அவள் பெயரிலேயே சீட்டு அடித்தும் விட்டது.

எதிரே
ஞானசௌந்தரியின் மூட்டை ஆடிக்கொண்டிருந்தது.
ரெஜினால்டின் கருவி
தேடுகிறது, தேடுகிறது என்று
சுற்றிக்கொண்டிருந்தது.

"எறக்காத மூட்டைக்கு எடை!
தினம் இதையே கொண்டா தம்பி."
சீட்டை மடித்து ரவிக்கைக்குள் வைக்கப் போனாள் பெள்ளி.
நான் கத்தினேன், அவன் கத்தினான்.
இருபதடிக்கு அது போதுமானதாக இருந்தது.

அந்தச் சீட்டை ரத்து செய்து,
இணைப்பை அறுத்து, என் தராசைத் தேடிப்பிடித்து,
மூட்டையை ஏற்றினால்
இப்போது கருவி ஊமை.
மூட்டை ஆடாமல் இருக்க
அதைக் கட்டிப்பிடித்து நடுவில் நிற்கிறாள் பெள்ளி.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கக்கா."
"எதுக்கு?"
"ஒடம்புல பாதிக்கு மேல தண்ணி.
அலையைத் தண்ணி குடிச்சிரும்."

தள்ளி நின்றாள்.
இருபத்திரண்டு புள்ளி ஆறு.
கை பழக்கத்தில் அடுத்த பொத்தானை அழுத்தியது.
ஈரக் கழிவு: இரண்டு கிலோ.

அவள் திரையைப் பார்க்கவில்லை.
என் விரலைப் பார்த்தாள்.

"அலையையும் தண்ணி குடிக்குது,
என் கிலோவையும் தண்ணி குடிக்குது.
அலை கொறைஞ்சா நான் தள்ளி நிக்கறேன்.
கிலோ கொறைஞ்சா யாரு தம்பி தள்ளி நிப்பா?"

பின்னால் பதினாறு பேர்.
பிளாஸ்டிக் கொங்காணிகளின் மேல்
மழை விழும் சத்தம்.
நான் ஒன்று என்று மாற்றினேன்.
பின்னால் இருந்தவர்களுக்கும் ஒன்று.
பூஜ்யமும் அந்தப் பொத்தானில் உண்டு.
அதுவரை போக எனக்குத் துணிச்சலில்லை.

ஆறு மணிக்குக் கருவியை அணைத்தேன்.
தராசின் முதுகில் நீல விளக்கு
அப்போதும் மினுங்கியது,
பத்து மீட்டருக்குள்
யாராவது இருக்கிறீர்களா என்று.
ரகசிய எண்ணை மாற்ற வேண்டும்.
நாளைக்கு.

மூன்றாவது கொண்டையூசி வளைவில் போன் அடித்தது.
ஃபேக்டரி. கணக்கு அதற்குள் போய்ச் சேர்ந்திருக்கும்,
தொலைதூரம் போகிற வேறோர் அலையில்.
அடித்து ஓயட்டும் என்று விட்டேன்.
டவர் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.
இந்த மலையில்
எல்லோரும் நம்புகிற பொய் அது.